காக்கா, பனம்பழம், ஊசி

ஊசிக்குப் பயப்படாத மனுஷன் கிடையாது. மீசையை முறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற ஆசாமி கூட, நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டதும் "சிஸ்டர், லேசா..." என்று குழைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்கும் மருந்துக் கம்பெனி காலண்டரை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிடுவார். அது வலிக்குப் பயப்படுகிற பயம். ஐந்து செகண்டில் தீர்ந்துவிடும்.

தடுப்பூசிப் பயம் வேறு ரகம். அதில் வலி கொஞ்சம், யோசனை ஜாஸ்தி.

ஜுரம் வந்தவர் யோசிப்பதில்லை. சொல்லப்போனால், டாக்டர் வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் "என்ன டாக்டர் இவரு, ஒரு ஊசி கூடப் போடலை" என்று மறுநாளே வேறு டாக்டரைத் தேடிப் போகிற ஊர் இது. அதே மனிதரிடம், நன்றாக இருக்கும்போது வலியப் போய் ஒரு ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். "நல்லாத்தானே இருக்கேன்? எதுக்கு வம்பு?"

இந்த 'எதுக்கு வம்பு'தான் இந்த வார சமாச்சாரம். பாட்டி சொன்ன 'எதுக்கு வம்பு' வேறு. அப்பா சொன்னது வேறு. நம் வாட்ஸ்அப் தலைமுறை சொல்வது வேறு. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு 'மூடநம்பிக்கை' என்று லேபிள் ஒட்டிவிட்டால் நமக்கு சௌகரியம்தான். ஆனால் ஊசி போடப்படாமலே இருக்கும்.

* * *

முதலில் பாட்டி.

என் அப்பாயிக்கு எண்பத்தைந்து வயசு. லால்குடி பக்கம் கிராமம். இடது கையில் பழைய நாலணா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு. அது குத்தப்பட்ட கதையை அப்பாயி ரசித்துச் சொல்லும். ஊருக்குள் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் எல்லாம் மாயமாகிவிடுவார்களாம். வைக்கோல் போர், மாட்டுக்கொட்டகை, பரண். அப்பாயி ஒளிந்த இடம் நெல் குதிர். வந்தவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அப்பாயியின் தம்பி, நாலு வயசுப் பொடியன், முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறான்: "அக்கா குதிருக்குள்ள இல்ல!"

பழமொழி எப்படிப் பிறக்கிறது பாருங்கள்.

அந்தக் காலத்துப் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. பெரியம்மை அவர்களுக்கு வியாதி இல்லை. 'அம்மா வந்திருக்கா'. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளி ஆள் உள்ளே வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் ஊரே அடக்கமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் இன்றைக்கு நாம் 'ஐசொலேஷன்' என்று ஸ்டைலாகச் சொல்வதில் பாதி அதிலேயே இருக்கிறது. ஆனால் வந்திருப்பது தெய்வம் என்று நம்புகிற வீட்டில், அவளை வரவிடாமல் தடுக்க ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தால்? மரியாதைக் குறைவு இல்லையா?

இந்தச் சிக்கல் வெள்ளைக்காரர்களுக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது. எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையை எடுத்து எட்டு வயசுப் பையன் ஒருவன் கையில் குத்தியது 1796-ல். 1802-ல் பம்பாயில் மூன்று வயசுக் குழந்தைக்குக் குத்தி இந்தியாவில் ஆரம்பித்தார்கள். சென்னையிலும் வந்தது. ஜனங்கள் ஓடினார்கள். அப்போது இங்கே கலெக்டராக இருந்தவர் எல்லிஸ். திருக்குறளுக்கு உரை எழுதினாரே, அதே எல்லிஸ். மனுஷன் ஜனங்களைத் திட்டவில்லை. உட்கார்ந்து தமிழில் ஒரு கதை எழுதினார். சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கிற உரையாடல். பசு நமக்கு ஐந்து பொருள் தருகிறது, பஞ்சகவ்யம். ஆறாவதாக இதையும் தந்திருக்கிறது என்கிற ரீதியில் போகும்.

நாலு சுவரில் 'அம்மை குத்திக்கொள்வீர்' என்று உத்தரவு எழுதி ஒட்டியிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். ஆனால் எதிராளி எந்தப் பாஷையில் பயப்படுகிறானோ, அந்தப் பாஷையில்தான் தைரியமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. இன்னமும் நாம் கற்றுக்கொண்டபாடில்லை.

அப்பாயி எப்போது மாறினாள்? யாரும் பிரசாரம் செய்து மாறவில்லை. கல்யாணமாகி வந்த ஊரில், ஒரே தெருவில் மூன்று வீட்டில் பிள்ளைகள் போனதைப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்குக் கண் போனதைப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த தடவை அம்மை குத்துகிறவர் வந்தபோது பெரியப்பாவை இடுப்பிலும் அத்தையைக் கையிலும் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலில் நின்றது அப்பாயிதான். "ஆத்தாவ கும்புடுவேன். ஆனா பிள்ளைய குடுக்க மாட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லும். இதைவிடத் தெளிவான சுகாதாரக் கொள்கையை நான் படித்ததில்லை.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை தீர்ந்தது. உலகத்திலேயே இயற்கையாக அந்த நோய் கண்ட கடைசி ஆள் 1977-ல் சோமாலியாவில் ஒரு ஆஸ்பத்திரி சமையல்காரர், அலி மாவ் மாலின். ஆஸ்பத்திரியிலேயே வேலை, ஊசி கையெட்டுகிற தூரம், இருந்தும் வலிக்குமே என்று நழுவியிருந்தார். பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காக வீடு வீடாகப் போய், தன் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். 'நானும் பயந்தவன்தான், அதனால்தான் வந்திருக்கிறேன்' என்கிற ஆள் சொன்னால் யாருக்கும் கதவைச் சாத்த மனசு வராது.

* * *

அடுத்தது அம்மா, அப்பா தலைமுறை. இவர்களைக் கார்டு தலைமுறை என்று சொல்லலாம்.

பிள்ளை பிறந்ததும் ஒரு அட்டை. அதில் கட்டம் கட்டமாகத் தேதி. என் அம்மா ரேஷன் கார்டையும் அந்த அட்டையையும் ஒரே மஞ்சள் பையில் பூட்டி வைத்திருந்தாள். எந்த ஊசி எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. "நர்சம்மா வரச்சொன்னாங்க" என்பதுதான் ஒரே காரணம். நர்சம்மா என்பவர் கிராம சுகாதார செவிலியர். பிரசவம் பார்த்தவர், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பவர். அம்மா நம்பியது மருந்தை அல்ல, நர்சம்மாவை.

கூடவே இன்னொரு விஷயமும் இருந்தது. அம்மாவின் வகுப்பில் காலில் இரும்புக் கம்பி மாட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் இருந்தாள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒருவராவது இருந்தார்கள். போலியோ என்பது அவர்களுக்கு வார்த்தை இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி. 1995-ல் பல்ஸ் போலியோ ஆரம்பித்தபோது என் தங்கையைத் தூக்கிக்கொண்டு அம்மா காலையில் முதல் ஆளாகப் போய் நின்றதற்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் சர்ட்டிபிகேட்டே கொடுத்துவிட்டார்கள்.

எதிர்ப்பு என்பது படிக்காதவர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955-ல் எதிர்த்தவர் யார் தெரியுமோ? சாட்சாத் ராஜாஜி. வாயளவில் இல்லை, தனியாகப் புத்தகமே போட்டு எதிர்த்தார். அதுவும் எங்கே? கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடமே இருக்கிற நம் மாகாணத்திலிருந்து! அவருடைய கேள்விகளுக்கு மேடையில் பதில் சொல்லித் தீரவில்லை. 1968-லிருந்து செங்கல்பட்டு வட்டாரத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து வருஷக்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் கைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து காப்பாற்றுகிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள்.

ஆக, கேள்வி கேட்பது தப்பே இல்லை. கேட்ட பிறகு, எண்ணிச் சொன்ன பதிலை ஏற்றுக்கொள்கிறோமா என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

* * *

இப்போது நம்ம செட்டு. முப்பதுகளில் இருப்பவர்கள், கையில் போன், மடியில் குழந்தை.

நாம் பெரியம்மையைப் பார்த்ததில்லை. இரும்புக் கம்பி மாட்டிய தோழி இல்லை. தொண்டை அடைப்பான் என்றால் ஏதோ பாட்டில் மூடி என்று நினைப்போம். நமக்குத் தெரிந்ததெல்லாம், ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி குழந்தை சிணுங்கும், தொடை வீங்கும், ஒரு நாள் லீவு போட வேண்டும். அதாவது நோய் கண்ணுக்குத் தெரியவில்லை; ஊசியின் தொந்தரவு மட்டும் தெரிகிறது.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு மீட்டிங். ஒருவர் எழுந்தார். "வாட்ச்மேனுக்கு மாசம் இவ்வளவு சம்பளம் கொடுக்கறோமே, மூணு வருஷத்துல ஒரு திருட்டு கூட நடக்கலியே, அப்புறம் எதுக்கு சார் வாட்ச்மேன்?" என்றார். பத்து பேர் தலையாட்டினார்கள். மூலையில் நின்ற வாட்ச்மேன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! தடுப்பூசிக்குப் பேசத் தெரிந்தால் அதே முகத்தோடுதான் நிற்கும். வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் அது செய்த குற்றம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்பட சில மாநிலங்களில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயசுக்குள் எல்லாருக்கும். பள்ளிக்கூடத்துக்கே வந்து, இலவசமாக. வாட்ஸ்அப்பில் என்னென்னவோ ஆடியோ சுற்றியது. யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. 'ஒரு டாக்டர் சொன்னது' என்பார்கள். கடைசியில் 'உங்கள் குழந்தை மேல் அக்கறை இருந்தால் பத்து பேருக்கு அனுப்புங்கள்' என்று முடியும். கவனியுங்கள், அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்கறைதான். ஊசி போடும் தினத்தன்று பல பெற்றோர்கள் பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். அரசாங்கம் கெடுவை மார்ச் வரை நீட்ட வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் பிள்ளையை நிறுத்திக்கொண்ட நண்பனைக் கேட்டேன். "எல்லாம் பொய்யா இருக்கலாம்டா. ஆனா ஒருவேளை நெஜமா இருந்துட்டா?" என்றான். 'ஒருவேளை' என்கிற வார்த்தைக்கு இருக்கும் பலம் ஆயிரம் டாக்டர்களுக்கு இல்லை.

மேல்நாட்டிலும் இதே கூத்துதான். 1998-ல் வேக்ஃபீல்ட் என்கிற லண்டன் டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மை ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2010-ல் பத்திரிகை அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது. அவர் டாக்டர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. வதந்தி லிப்டில் ஏறும். மறுப்பு மாடிப்படியில்தான் வரும்.

* * *

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பழம் நம் தலையில் விழும்போது, யாருக்கும் பழமொழி ஞாபகம் வருவதில்லை. காக்காவைத்தான் தேடுகிறோம்.

2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக், ஜனங்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் கேமரா முன்னால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை போய்விட்டார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் முழு அடைப்பு. அது ஒரே நாளில் வருவதில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள். மத்திய நிபுணர் குழுவும் விசாரித்து, ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அதே வருஷம் அறிவித்தது. ஆனால் தமிழ்நாடே சிரித்துப் பழகிய ஒரு முகம். அந்த முகம் நேற்று ஊசி போட்டது, இன்று இல்லை. இதற்கு எதிரில் எந்தக் குழுவின் அறிக்கை நிற்கும்?

நான் பி.காம். கால்குலேட்டர் இல்லாமல் துக்கப்படக்கூடத் தெரியாத ஜென்மம். ஒரு கணக்குப் போட்டேன். 2021 செப்டம்பர் 12-ஆம் தேதி நடந்த முதல் மெகா முகாமில், ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். வருஷத்துக்கு ஆயிரம் பேரில் ஆறு பேர் என்ற சாதாரண மரணக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 28 லட்சம் பேருக்கு வருஷத்தில் 16,800. ஒரு நாளைக்கு 46. முகாமுக்கு நடந்து வந்தவர்கள் கொஞ்சம் தெம்பானவர்கள் என்று பாதியாகவே குறைத்துக்கொள்வோம், 23. அதாவது, அந்த 28 லட்சம் பேருக்கும் ஊசிக்குப் பதிலாக ஆளுக்கொரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பியிருந்தாலும், மறுநாளைக்குள் இருபது பேருக்கு மேல் வேறு காரணங்களால் போயிருப்பார்கள். இருபது வீட்டிலும் "நேத்து அந்தக் காபிய குடிச்சார்ங்க..." என்று அழுதிருப்பார்கள்.

ஊசிக்குப் பக்க விளைவே கிடையாது என்று நான் சாதிக்க வரவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறையும் சிக்கல் வந்தது நிஜம். அதையும் 2021-லேயே கண்டுபிடித்தவர்கள், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் உட்கார்ந்து எண்ணியவர்கள்தான். நிஜக் காக்கா எது, சும்மா உட்கார்ந்த காக்கா எது என்று தெரிய எண்ணுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

* * *

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெரியப்பா ரிட்டயர் ஆனவர். தினம் இரண்டு பேப்பர் வரி விடாமல் படிப்பார். 2021 மார்ச்சில் அறுபது தாண்டியவர்களுக்கு ஊசி வந்தபோது, எண்பத்தொரு வயசு அப்பாயி ஆட்டோ பிடித்துப் போய் முதல் வாரமே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். குதிருக்குள் ஒளிந்த அதே அப்பாயி. பெரியப்பா மட்டும் "நாலு பேர் போட்டுக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் "எனக்கு சுகர் இருக்கு, டாக்டர கேட்டுட்டு". அப்புறம் ஏப்ரலில் டி.வி.யில் அந்தச் செய்தி. அப்புறம் "இப்ப கூட்டமா இருக்கு, அங்க போய்த்தான் தொத்திக்கும்". ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஜாக்கிரதையான மனுஷன் சொல்கிற பேச்சுதான்.

மே மாதம் இரண்டாவது வாரம் ஜுரம். திருச்சியில் படுக்கை கிடைத்தது, ஆக்ஸிஜனும் கிடைத்தது. ஒன்பது நாள். வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. அப்பாயி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. என்னை உறுத்துவது வேறு. பெரியப்பா ஊசி போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் ஏதாவது ஆகியிருந்தால், குடும்பமே 'ஊசிதான்' என்று பத்து வருஷம் பேசியிருக்கும். போடாமல் போனதற்கு யாரும் எதையும் குறை சொல்லவில்லை. "விதி", "காலம்" என்று முடித்துவிட்டார்கள்.

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: விடு பிழை. தப்பாக எழுதினால் அது செய் பிழை. எழுதாமலே விட்டுவிட்டால் விடு பிழை. செய் பிழை நிறைய தடவை மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டுவிட்டால், பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது. இருப்பாய்வு ஜம்மென்று டேலி ஆகும். கணக்கு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். நஷ்டம் எங்கோ இருக்கும்.

மனுஷ மனசும் இதே லெட்ஜர்தான் வைத்திருக்கிறது. ரிடோவ், பாரன் என்ற இரண்டு மனோதத்துவக்காரர்கள் 1990-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு நோயால் பத்தாயிரம் குழந்தைகளில் பத்து பேர் இறப்பார்கள்; அதற்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது, அதனாலும் சிலர் இறக்கக்கூடும், ஆனால் பத்தைவிடக் குறைவு; போடுவீர்களா? கணக்குப்படி போட வேண்டும். நிறையப் பேர் மாட்டேன் என்றார்கள். நான் செய்து வந்த கெடுதல் என் கணக்கில். செய்யாமல் வந்த கெடுதல் கடவுள் கணக்கில்.

அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் எவ்வளவு பெரிய மூளை! 1736-ல் அவருடைய நாலு வயசு மகன் பெரியம்மையில் போனான். அம்மைப்பால் குத்தும் வழக்கம் அப்போதே இருந்தது. மகனுக்குக் குத்தாமல் விட்டிருந்தார். கடைசி வரை அதை மறக்காமல் தன் சுயசரிதையில் எழுதிவைத்தார்: குத்தி ஏதாவது ஆனாலும் வருத்தம்தான், குத்தாமல் ஆனாலும் அதே வருத்தம்தான்; ஆகவே ஆபத்து குறைந்த பக்கமாகப் பாருங்கள் என்று. இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு அப்பா விடு பிழையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

* * *

சரி, என்னதான் வழி?

முதலில் ஒரு நல்ல செய்தி. ஊசி போடாதவர்கள் எல்லாரும் ஊசிக்கு எதிரி இல்லை. பெரும்பாதி 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' கட்சி. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்துக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ கோஷ்டி (2019-ல் நோபல் வாங்கினார்களே, அவர்கள்தான்) ஒரு சோதனை நடத்தினார்கள். எதுவும் செய்யாத கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் 6 சதவிகிதம். தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடித்தால் எவர்சில்வர் தட்டும் கொடுத்த கிராமங்களில் 39!

ஒரு கிலோ பருப்புக்கு யாரும் கொள்கையை விடமாட்டார்கள். ஆக, அங்கே இருந்தது கொள்கை இல்லை, சோம்பல். 'இன்றைக்கே' போவதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. இன்னொரு விசேஷம், பருப்பு கொடுத்த இடத்தில்தான் குழந்தைக்கு ஆன செலவு கம்மி, ஏறக்குறைய பாதி. நர்சம்மா சும்மா உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் உண்டே!

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதைவிட மலிவாக முடித்தார்கள். ஊழியர்களில் ஒரு பாதிக்கு 'ஃப்ளூ ஊசி இருக்கிறது, வேண்டுமானால் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கடிதம்; மறுபாதிக்கு 'உங்களுக்கு இந்தத் தேதி, இந்த நேரம்; முடியாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்' என்று கடிதம். முதல் கோஷ்டியில் 33 சதவிகிதம் போட்டுக்கொண்டார்கள், இரண்டாவதில் 45.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2021-ல் ஞாயிற்றுக்கிழமைதோறும் மெகா முகாம் நடந்தது. வருகிற கூட்டம் குறைந்தது. என்ன என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள். சிலருக்கு வேறு தீர்த்தமும் உண்டு. ஊசி போட்டால் இரண்டும் ஆகாது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. 'இது அறிவியலுக்குப் புறம்பானது' என்று யாரும் லெக்சர் அடிக்கவில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். எல்லிஸ் துரை இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்.

ஆக, ஆளுக்குத் தகுந்த பேச்சு. பார்த்து அறிந்த பாட்டியிடம் பிரசாரம் வேண்டாம்; அவளைப் பேச விடுங்கள், பேரன் கேட்கட்டும். பெரியப்பாக்களிடம் "போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். "வியாழக்கிழமை பத்து மணி, ஆட்டோ சொல்லியாச்சு" என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் நண்பனை 'முட்டாள்' என்றால் அவன் ஆடியோவை இன்னும் இருபது பேருக்கு அனுப்புவான். "என் பொண்ணுக்குப் போட்டாச்சு, ராத்திரி லேசா சுட்டுது, காலையில ஓடுது" என்று சொல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசி பற்றிப் பேசினால் "இந்த வயசுப் பொண்ணுக்கு இப்பவே எதுக்கு?" என்று தயங்குகிற அம்மாவிடம், அது எப்போதோ வரப்போகிற நோய்க்கு இப்போதே கட்டுகிற இன்ஷூரன்ஸ், நோய்க்கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் பலன் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

அதற்கடுத்த தலைமுறை? அதற்கு நாம்தான் அஸ்திவாரம். "வலிக்கவே வலிக்காதுடா, எறும்பு கடிச்ச மாதிரி" என்று எத்தனை பேர் சொல்கிறோம்! அந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்கும் தடுப்பூசிப் பொய்யே நம் வாயிலிருந்துதான் வருகிறது. அதற்கப்புறம் அவன் எந்த டாக்டரை நம்புவான்?

போன மாதம் என் மகனுக்கு ஐந்து வயசு ஊசி. "வலிக்குமாப்பா?" என்றான். "வலிக்கும். பத்து எண்ணு, போயிடும்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். நர்சம்மா பஞ்சை வைத்து அழுத்தினார்.

வெளியே வந்ததும் என்னை முறைத்தான். "பத்துன்னு பொய் சொன்னே. ஏழுலயே போயிடுச்சு!"